சுமையும் உடலும்: ஊவாத் தோட்டங்களின் கொழுந்துக் கூடையிலிருந்து அணிபொறி வரை

மனிதன் தன் உடல்வலுவுக்கு மிஞ்சிய சுமையைப் பெயர்ப்பதற்குக் கண்ட வழிவகைகளின் வரலாறு, உழைப்பின் வரலாற்றினின்றும் பிரித்து நோக்கத்தக்கதன்று. நெம்புகோலும் சில்லும் கப்பியும் சுமையை உடலிலிருந்து இறக்கிவைத்தன. அண்மைக் காலத்தில் வளர்ந்துவரும் வேறொரு பொறிவகையோ, சுமையை உடலிலேயே விட்டுவைத்து, அவ்வுடலுக்கு வெளியிலிருந்து வலுவூட்ட முனைகின்றது. உலோகச் சட்டகங்களாலான புறவன்கூடுகளும், துணி, நாடா, இழுகம்பி, காற்றுக்குழல் முதலியவற்றாலான மென்மையான அணிபொறிகளும் இவ்வகையைச் சார்ந்தவை. பக்கவாதத்தால் தளர்ந்த காலை மீண்டும் நடக்கவைத்தல், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோரை எழுந்து நிற்கச் செய்தல், தொழிற்சாலையிலும் போர்க்களத்திலும் பாரம் சுமப்போரின் களைப்பைக் குறைத்தல் ஆகியன இவற்றின் பயன்களாகக் கூறப்படுகின்றன.

இப்பொறிகளைப் பற்றிய எழுத்துக்களில் மிகப் பெரும்பாலானவை அவை உருவான ஆய்வுகூடங்களின் நிலையிலிருந்து எழுதப்பட்டவை. சுமப்போரின் நிலையிலிருந்து அவற்றை நோக்கும் முயற்சி அரிதாகவே காணப்படுகின்றது. பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தத் தோட்டத்தையும் அதனையொத்த ஊவாத் தோட்டங்களையும் நிலைக்களனாகக் கொண்டு, அத்தகைய ஒரு நோக்கினை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உடலுக்குத் துணைசெய்யும் கருவி எப்பொழுது உழைப்பவருக்குத் துணையாகின்றது, எப்பொழுது உழைப்பைப் பெறுபவருக்குத் துணையாகின்றது என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினா.

1. சும்மாடும் சுமைதாங்கியும்

உடலில் அணிந்து சுமையைத் தாங்கும் கருவிகள் தமிழர் வாழ்வில் புதியன அல்ல. தலைச்சுமைக்கு அடியில் வைக்கும் துணிச்சுருளான சும்மாடு, பாரத்தை உச்சந்தலையின் ஒரு புள்ளியில் குவியவிடாது பரப்பிவிடுகின்றது. தோளில் தாங்கும் காவுதடி, இருபுறத்துப் பாரத்தையும் சமன்செய்து உடலின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவருகின்றது. இவை தனியாள் கருவிகள். இவற்றோடு ஒருங்கு வைத்து நோக்கத்தக்கது சுமைதாங்கி. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தெருவோரங்களில் ஆளுயரத்துக்கு அமைக்கப்பட்ட இக்கற்கட்டு, வழிச்செல்வோர் பிறர் உதவியின்றித் தலைச்சுமையை இறக்கிவைத்து இளைப்பாறவும், குனியாமலே மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் உதவியது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி அமைக்கும் வழக்கமும் இருந்தது.

சும்மாடு சுமையைத் தாங்கக்கூடியதாக ஆக்குகின்றது. சுமைதாங்கியோ சுமையை இறக்கும் உரிமையைப் பொதுவில் ஒப்புக்கொள்கின்றது. சுமப்பவர் எவர் என்றோ, எவ்வளவு சுமந்தார் என்றோ அது கேட்பதில்லை. பெருந்தோட்டத்துக்குள் நுழைந்த தமிழ்த் தொழிலாளர் சும்மாட்டைக் கொண்டுசென்றனர். சுமைதாங்கி அவர்களுடன் செல்லவில்லை. அங்கு கூடை இறங்கும் இடம் நிறுவைத் தராசாகவே இருந்தது.

2. கூடைக் கயிறு

கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் தூரத்தைக் காட்டுவழியே கால்நடையாகக் கடந்தனர். ஊவாவுக்குச் சென்றோர் அதற்கப்பாலும் மலையேற வேண்டியிருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. புகைவண்டி 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் அடைந்தது. ஆலைகளில் வில்லியம் ஜாக்சனின் உருட்டுபொறியும், சாமுவேல் டேவிட்சனின் 'சிறொக்கோ' உலர்த்தியும் இடம்பெற்றன. மேல்மலையிலிருந்து ஆலைக்குக் கொழுந்தை இறக்க வான்வழிக் கம்பிகளும் சில தோட்டங்களில் பொருத்தப்பட்டன.

இவ்வரிசையை நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. துறைமுகத்திலிருந்து ஆலை வாயில் வரை ஒவ்வொரு கட்டத்திலும் பொறி புகுந்துள்ளது. தேயிலைச் செடியிலிருந்து நிறுவை இடம் வரையுள்ள சில நூறு யார் தூரத்தில் மட்டும் அது புகவில்லை. சரிவின் செங்குத்தும், இரண்டு இலையும் ஒரு மொட்டும் எனத் தெரிந்து பறிக்கும் நுணுக்கமும் இதற்குக் காரணங்களாகக் காட்டப்படுவதுண்டு. அவை உண்மையே, ஆயினும் முழு உண்மையல்ல. பொறியின் விலை அது அகற்றும் உழைப்பின் கூலியிலும் குறைவாயிருந்தாலன்றி முதலாளி பொறியை நாடுவதில்லை என்பதை மார்க்ஸ் தம் 'மூலதன'த்தில் விளக்குமிடத்து, இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளை இழுக்கக் குதிரைகளுக்குப் பதிலாகப் பெண்கள் பயன்படுத்தப்பட்டமையை எடுத்துக்காட்டுவார். ஊவாவின் மலைகளிலும் இதே கணக்கே செயற்பட்டது. கொழுந்தெடுக்கும் பெண்ணின் கழுத்து, எந்தக் கம்பித்தொடரிலும் மலிவானதாயிருந்தது.

பிரம்புக் கூடையின் விளிம்பில் கட்டிய கயிறு உச்சந்தலை வழியாகச் செல்லும். கூடை முதுகில் தொங்கும். கயிற்றின் அடியில் மடித்த துணி, இடுப்பிலே படங்கு, மழைக்காலத்தில் தலையையும் முதுகையும் மூடும் கொங்காணி, செடிகளின் மேல்மட்டம் பார்க்க மட்டக்கம்பு. இரு கைகளும் பறிப்பதற்கு விடுபட்டிருக்க வேண்டும் என்பதனாலேயே பாரம் முழுவதும் தலைக்கும் கழுத்துக்கும் மாற்றப்பட்டது. கூடைக்குப் பதிலாகப் பையும் நெகிழிச் சாக்கும் வந்துவிட்ட இடங்களிலும் கயிறு பெரும்பாலும் தலையிலேயே தங்கிற்று. ஆகவே கொழுந்துக் கூடையைத் தோட்டத்தின் முதலாவது அணிபொறி எனலாம். அது கைகளை விடுவித்தது. விடுவித்த கைகளைத் தோட்டமே எடுத்துக்கொண்டது.

உடலின் அளவுகோலாகத் தராசு அமைந்தமையும் மனங்கொள்ளத்தக்கது. நாளுக்கு மும்முறை நிறுத்தல், குறித்த நிறை வராதவிடத்து அரைப்பேர் போடுதல், மேலதிக கிலோவுக்குக் கைக்காசு, ஈரத்துக்கும் கூடைக்கும் கழிவு என்பன அவ்வளவுகோலின் கூறுகள். பெண்களின் நாட்கூலி ஆண்களின் கூலிக்குச் சமமாக்கப்பட்டது 1984இலேயே. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோதும், சம்பளத்துக்கு ஈடாகக் கோரப்படும் கிலோவின் அளவு தொடர்ந்து சர்ச்சைக்குரியதாகவே இருந்தது. சம்பளம் உயரும்போது நிறையும் உயருமெனில், உயர்வை வழங்குபவர் உண்மையில் யார் என்ற வினா எழுவது இயல்பே.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், இழந்த உறுப்புக்கு உழைப்புத்திறன் இழப்பை விழுக்காடாகக் கணித்தது. கையோ காலோ விபத்தில் போயின் சட்டம் அதனைக் கண்டது. முப்பதாண்டுக் கயிற்றழுத்தத்தால் மெல்லத் தேயும் கழுத்தெலும்பும் முழங்காலும் அதன் பார்வையில் எளிதில் அகப்படுவனவாய் இல்லை. தேய்வுக்குத் தேதி இல்லை. தேதியில்லாததற்கு விண்ணப்பப் படிவமும் இல்லை.

3. சுமத்தலின் இயக்கவியல்

தலைவழிச் சுமத்தலை அறிவியல் தாமதமாகவே ஆராயத் தலைப்பட்டது. கென்யாவின் லூவோ, கிகுயு இனப் பெண்களைப் பற்றி மலோயும் அவருடைய சகஆய்வாளரும் 1986இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் குறிப்பிடத்தக்கது. லூவோப் பெண்கள் பாரத்தைத் தலையுச்சியிலும், கிகுயுப் பெண்கள் நெற்றிப்பட்டியில் தொங்கவிட்டு முதுகிலும் சுமப்பவர்கள். இரு சாராரும் தம் உடல்நிறையில் ஐந்திலொரு பங்கு வரையான பாரத்தை, வெறுமனே நடப்பதற்குச் செலவாகும் சக்தியிலும் கூடுதலாகச் செலவிடாமலே சுமந்தனர் என அவ்வாய்வு காட்டிற்று. நடக்கும்போது உடல் ஊசலைப் போல உயர்ந்து தாழ்கின்றது. அதன்வழி உயரச்சக்தியும் வேகச்சக்தியும் ஒன்று மற்றொன்றாக மாறுகின்றன. பாரம் சுமந்து பழகிய இப்பெண்களிடம் அம்மாற்றம் பிறரிலும் திறம்பட நிகழ்கின்றது எனப் பின்னைய ஆய்வு விளக்கியது. நேபாளச் சுமைகூலிகள் 'நாம்லோ' எனும் தலைப்பட்டியால் தம் உடல்நிறையை அண்மித்த பாரத்தையும் மிகக் குறைந்த சக்திச் செலவில் சுமந்து செல்வதை 2005இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு நிறுவியது.

இம்முடிவுகள் தோட்டத்துக்கு எந்த அளவிற்குப் பொருந்தும்? கூடைக் கயிறு நெற்றிப்பட்டியின் உறவினமே. எனினும் இரு வேறுபாடுகள் உள. முதலாவது, மேற்படி ஆய்வுகள் நடையை அளந்தவை. கொழுந்தெடுப்பவரோ சரிவில் ஒரு காலை உயர்த்தி ஊன்றி, முன்குனிந்து, கணந்தோறும் கனத்துவரும் பாரத்தோடு நெடுநேரம் நிற்பவர். ஊசலியக்கத்தின் நன்மை நிற்பவருக்குக் கிட்டாது. இரண்டாவது, அளக்கப்பட்டது உட்கொண்ட ஒட்சிசன். சக்தி குறைவாகச் செலவானது என்பதனால் கழுத்தென்பில் விழும் அழுத்தம் குறைந்தது என்று ஆகிவிடாது. களைப்பு வேறு, தேய்வு வேறு. இவ்வேறுபாடு கீழே பேசப்படும் அணிபொறிகளை மதிப்பிடுவதற்கும் இன்றியமையாதது.

4. புறவன்கூட்டின் இரு மரபுகள்

அணியத்தக்க பொறியின் கனவு பழையது. நடக்கவும் ஓடவும் பாயவும் துணைசெய்யும் வில்லமைப்பு ஒன்றிற்கு உருசியரான நிக்கொலாஸ் யாகின் 1890இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆயினும் உண்மையான முயற்சிகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே நிகழ்ந்தன. அவற்றில் இரண்டை ஒப்பிடுதல் பயனுடைத்து.

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1965 முதல் 1971 வரை, படைத்துறை நிதியுடன் 'ஹார்டிமன்' எனும் புறவன்கூட்டை உருவாக்க முயன்றது. அணிபவர் 1500 இறாத்தல் பாரத்தை இலகுவாகத் தூக்கவேண்டும் என்பது குறிக்கோள். பொறியின் நிறையே ஏறத்தாழ அவ்வளவாயிற்று. ஒரு கையை மட்டுமே நம்பகமாக இயக்க முடிந்தது. முழு உடலையும் ஒருங்கே இயக்க முயன்றபோது பொறி கட்டுக்கடங்காது அதிர்ந்தது. மனிதனை உள்ளே வைத்து முழுமையாக இயக்கப்படாமலே அம்முயற்சி கைவிடப்பட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில், யூகோசிலாவியாவின் பெல்கிறேட் நகரில் மிகைலோ பூப்பின் நிறுவனத்தில் மியோமிர் வுக்கோபிராதோவிச்சும் அவருடைய குழுவினரும் கீழுடல் செயலிழந்தோரை நடக்கவைக்கும் புறவன்கூடுகளை ஆக்கினர். காற்றழுத்தத்தால் இயங்கிய அவை 1970களின் தொடக்கத்தில் பெல்கிறேட்டின் எலும்பியல் மருத்துவமனையில் நோயாளரிடம் பரீட்சிக்கப்பட்டன. இருகால் நடையின் சமநிலையைக் கணிக்க வுக்கோபிராதோவிச் வகுத்த கோட்பாடு இன்றும் நடக்கும் றோபோக்களின் அடிப்படைகளில் ஒன்று. அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு 1961இல் கூடிய அதே நகர் அது. ஐந்தாவது மாநாடு 1976இல் கொழும்பில் கூடியது. ஆயினும் இவ்வுறவின் வழி பெல்கிறேட்டின் மருத்துவப் பொறியியல் நம்மிடையே பெரிதும் பேசப்பட்டதில்லை.

ஒன்று நலமுள்ள உடலிலிருந்து கூடுதல் வேலையைப் பெற எழுந்தது. மற்றது இழந்த இயக்கத்தை மீட்க எழுந்தது. தொழில்நுட்பத்தால் இவை ஒன்றோடொன்று கலந்தவை. யப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தில் யோஷியுகி சங்காய் ஆக்கிய 'ஹால்' எனும் பொறி, தோலின்மீது தசைகள் எழுப்பும் நுண்மின்சாரத்தை அறிந்து இயங்குவது. அது மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் ஒருங்கே பயன்படுகின்றது. பொறியைப் பார்த்து அதன் மரபைக் கூறிவிட முடியாது. அதை யார் அணிவிக்கிறார், எதற்காக அணிவிக்கிறார் என்பதைக் கொண்டே கூறமுடியும்.

5. மென்பொறியும் அதன் எல்லையும்

உலோகச் சட்டகத்தின் பாரமும், மனித மூட்டுடன் அது முற்றிலும் பொருந்தாமையும் ஆய்வாளரை மென்மையான பொருள்களின்பால் திருப்பின. இதற்கும் ஒரு முன்வரலாறு உண்டு. 1950களில் அமெரிக்க இயற்பியலாளர் ஜோசெப் மக்கிபென், இளம்பிள்ளைவாதத்தால் கை செயலிழந்த தம் மகளுக்கென, காற்றூதியதும் சுருங்கும் பின்னல் குழலொன்றை ஆக்கினார். அதுவே பின்னர் 'செயற்கைத் தசை' எனப் பரவலாயிற்று. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கொனர் வோல்ஷின் குழு ஆக்கிய மென்னுடை, படையினரின் சுமைக்களைப்பைக் குறைக்கும் அமெரிக்கப் பாதுகாப்புத் திட்டமொன்றின் நிதியில் வளர்ந்தது. இடுப்பில் கட்டிய சிறு மின்பொறி, குதிகால் நிலத்தை விட்டெழும் கணத்தை உணர்ந்து, கெண்டைக்காலின் பின்புறமாகச் செல்லும் கம்பியை இழுக்கின்றது. தசை செய்யவேண்டிய வேலையின் ஒரு பகுதியைக் கம்பி செய்கின்றது. இவ்வழி வந்த கருவியொன்று பக்கவாத நோயாளரின் நடைப்பயிற்சிக்கென 2019இல் அமெரிக்க அனுமதி பெற்றது. மின்பொறியே இன்றிச் சுருளும் பிடிகொளுவியும் மட்டும் கொண்ட கணுக்கால் கருவியொன்று நடைச்செலவை ஏறத்தாழ 7 விழுக்காடு குறைப்பதை 2015இல் கொலின்ஸும் சகஆய்வாளரும் காட்டினர்.

ஈண்டு ஓர் இயற்பியல் உண்மையை அழுத்திக் கூறவேண்டும். வன்மையான சட்டகம் பாரத்தை உடலைத் தவிர்த்து நிலத்துக்குக் கடத்த வல்லது. துணியும் கம்பியும் இழுக்கமட்டுமே வல்லன; தாங்க வல்லன அல்ல. மென்னுடை அணிந்தவரின் தசை ஓய்வுறுகின்றது. பாரமோ அவருடைய முள்ளந்தண்டு, இடுப்பு, முழங்கால் வழியாகவே நிலத்தை அடைகின்றது. களைப்பு என்பது உடல் எழுப்பும் எச்சரிக்கை. எச்சரிக்கை தணிந்து, கேட்கப்படும் நிறை உயருமாயின், துணைக்கருவி எலும்பின் தேய்வை விரைவுபடுத்தும் கருவியாகிவிடும். நாளொன்றுக்குக் குறித்த கிலோ என்ற கணக்கில் வேலைவாங்கும் எந்தத் தோட்டத்திலும் இவ்வாபத்து கற்பனையன்று. மென்னுடையின் உணரிகள் ஒவ்வோர் அடியையும் அசைவையும் பதிவு செய்வன என்பதையும் சேர்த்து நோக்கினால், மும்முறை நிறுக்கும் தராசு நாள் முழுவதும் உடலிலேயே தங்கிவிடும் நிலை தோன்றும்.

இலங்கையிலும் இத்துறையில் ஆய்வு நிகழ்கின்றது. யப்பானின் சாகா பல்கலைக்கழகத்தில் கசுவோ கிகுச்சியுடன் இணைந்து, தோள் முதல் மணிக்கட்டு வரை ஏழு இயக்கங்கள் கொண்ட மேலங்கப் புறவன்கூட்டை 2009இல் வெளிப்படுத்தியவர் ஆர். ஏ. ஆர். சி. கோபுர. பின்னர் அவர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இவ்வாய்வுகளைத் தொடர்ந்தார். தசைமின்னோட்டத்தைத் தோலிலிருந்து அறியும் இத்தகைய பொறிகள் வியர்வையாலும் ஈரத்தாலும் பிழைபடுவன. மழையும் பனியும் அட்டையும் நிறைந்த மலைச்சரிவு, ஆய்வுகூடத் தரையிலும் கடினமான தேர்வாகும்.

பொறி எந்த மண்ணில் நடக்கவேண்டும் என்று முதலிற் கேட்ட முன்மாதிரி அயலிலேயே உள்ளது. ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1960களின் பிற்பகுதியில் ஆக்கிய றப்பர்க் கால், செருப்பின்றி நடக்கவும், குந்தியிருக்கவும், சேற்றில் இறங்கவும் ஏற்றது. 1985 முதல் கொழும்பிலும், 1987 முதல் யாழ்ப்பாணத்திலும் இக்கால்கள் பொருத்தப்பட்டு வந்துள்ளன. அணிபவரின் வாழ்க்கை முறையே வடிவத்தைத் தீர்மானித்தமையால் அது நிலைத்தது. கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து தோளுக்கும் இடுப்புக்கும் மாற்றும் அகன்ற நாடா, சரிவில் முழங்காலுக்குத் தாங்குதல் தரும் எளிய சுருள் ஆகியன ஊவாவில் இதே முறையில் ஆக்கத்தக்கவை. இவற்றுக்குப் பெரும் முதல் வேண்டியதில்லை. கொழுந்தெடுப்போர் வடிவமைப்பு மேசையில் அமரவேண்டும் என்பதே வேண்டற்பாலது.

6. மீரியபெத்த தரும் படிப்பினை

அறிவு இருந்தும் அது உழைப்போரை எட்டாமற் போவது எவ்வாறு என்பதற்கு மீரியபெத்தவே சான்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, அத்தோட்டத்தின் லயன்கள் மண்சரிவில் புதையுண்டன. இறந்தோரும் காணாமற்போனோருமாக முப்பதுக்கும் மேற்பட்டோரை அந்நிலம் கொண்டது. அச்சரிவு ஆபத்தானது எனத் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. நிலவியல் தன் கடமையைச் செய்தது. ஆயினும் லயன்காம்பிரா குடியிருப்போருக்கு உடைமையன்று. வேறிடம் செல்லக் காணியுமில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களுக்கு, பிரசாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தபின்னரும், நிலவுரிமை தீராததாகவே இருந்தது. தப்பியோருக்கு மக்கல்தெனியவில் 75 வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன. எச்சரிக்கை வீடாக மாறுவதற்கு இடையில் ஒரு மலை சரியவேண்டியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளுக்குப் பெரும் விலை கொடுத்தது.

அணிபொறிக்கும் இது பொருந்தும். ஒரு பொறி செயற்படுகின்றதா என்பது பொறியியலாளரின் வினா. அதனால் மிச்சமாகும் வலு யாருக்குரியது என்பது வரலாற்றின் வினா. மிச்சமான வலு குறுகிய வேலைநாளாகவும், உயராத நிறையாகவும், தேயாத எலும்பாகவும் தொழிலாளியிடமே தங்குமெனில் கருவி சுமைதாங்கியின் வழித்தோன்றலாகும். அது மேலும் சில கிலோவாகத் தராசில் ஏறுமெனில் கூடைக் கயிற்றின் வழித்தோன்றலாகும்.

எனவே இத்தகைய கருவிகள் தோட்டங்களுக்கு வரும் முன்பே சில உறுதிப்பாடுகள் கூட்டு ஒப்பந்தங்களிலும் சட்டத்திலும் இடம்பெறுதல் வேண்டும். கருவியின் பெயரால் நாளொன்றுக்குரிய நிறை உயர்த்தப்படலாகாது. உடலிலிருந்து பெறப்படும் பதிவுகள் தொழிலாளிக்கே உரியனவாதல் வேண்டும். மெல்லத் தேயும் உடலும் நட்டஈட்டுக்குரியதாக ஏற்கப்படல் வேண்டும். கழுத்து, முதுகு, முழங்கால் நோய்களைத் தோட்டந்தோறும் கணக்கெடுத்தல் பல்கலைக்கழகங்கள் உடன் மேற்கொள்ளத்தக்க பணியாகும். மருத்துவம், பொறியியல், சமூகவியல், தமிழ் ஆகிய துறைகள் அதில் ஒன்றிணைய இடமுண்டு. ஒன்றரை நூற்றாண்டாக ஊவாவின் கொழுந்தை நிறுத்துவந்த தராசில், அதனைச் சுமந்த உடலும் ஒருமுறை நிறுக்கப்பட வேண்டும்.